வாழைப்பூவுக்குள் வைத்த விளக்கு

இதை எழுதப் பத்து வருஷத்துக்கு மேல் தயங்கினேன். உட்காருவேன், பெருமாள் படத்தைப் பார்ப்பேன், பேனாவை மூடிவிடுவேன். இனியும் மறைத்தால் நான் தினமும் கோவிலுக்குப் போய்ச் சேவிப்பதற்கே அர்த்தமில்லை.

எழுபதுகளின் கடைசியில், ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் என் கொழுந்தனார் ஒரு சூளை கட்டினார். மெட்ராஸில் சிற்பம் படித்தவர். களிமண்ணில் உருவம் செய்து சுட்டு, உடைந்த வளையலையும் பாட்டில் கண்ணாடியையும் அதற்குள் உருக விடுவார். சாமி சிலையோ பொம்மையோ கிடையாது. பூசணிப் பிஞ்சு, பிளந்த மாதுளை, நத்தை ஓடு, இப்படி.

அந்த வருஷம் மெட்ராஸ் கண்காட்சிக்கென்று முழங்கால் உயரத்தில் ஒரு வாழைப்பூ செய்தார். மடலெல்லாம் பீங்கான், மடலுக்கு நடுவே கருஞ்சிவப்புக் கண்ணாடி. எட்டு மாத உழைப்பு. சூளையிலிருந்து எடுத்துக் கூடத்து மூலையில் வைத்தார். அன்றிலிருந்து 'டிக், டிக்' என்று ஒரு சத்தம். பல்லி சொல்கிறதென்று சுவரெல்லாம் தேடினேன். பல்லியே இல்லை.

"பல்லி இல்லண்ணி, பூதான். கண்ணாடி ஒரு மாதிரி சுருங்கும், மண்ணு ஒரு மாதிரி. ரெண்டும் இழுத்துக்கிட்டே கெடக்கும். சத்தம் அடங்கற வரைக்கும் யாரும் கிட்ட போகாதீங்க."

"அப்ப எங்க ரெண்டு பேரு மாதிரின்னு சொல்லு," என்றார் என் வீட்டுக்காரர்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கென்னவோ அது பல்லி சொல்வதாகவே பட்டது. பஞ்சாங்கத்தில் பல்லி சொல்லும் பலனைப் பார்த்தேன். அந்த மூலைக்கு நல்லதாகப் போடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை தலைக்குக் குளித்துவிட்டு, தோஷம் கழியட்டும் என்று ஓர் அகலை ஏற்றி அடி மடலுக்குள் வைத்துக் கும்பிட்டேன். சத்தம் நிற்கவில்லை. அடுக்கடுக்காகக் கேட்டது.

கொல்லையிலிருந்து கொழுந்தனார் ஓடிவந்தார். "ஐயோ, விளக்கா? சூடு பட்டா வெடிச்சிடும், தள்ளுங்கண்ணி!" ஒரு கையால் என்னை விலக்கிவிட்டு, அகலை எடுக்கக் குனிந்தார். பூ வெடித்தது.

அவர் வலது கண்ணில் சில்லு பாய்ந்தது. திருச்சி ஆஸ்பத்திரியில் மூன்று நாள் பார்த்துவிட்டுக் கைவிரித்துவிட்டார்கள். கட்டோடு படுத்திருந்தவர், வந்தவர்களிடமெல்லாம், "நான்தான் ஆறுறதுக்கு முன்னாடி சூளையிலேருந்து எடுத்துட்டேன்" என்றே சொன்னார். நான் பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டு நின்றேன். அகல் துண்டுகளை அதற்கு முன்பே பொறுக்கிக் கிணற்றில் போட்டிருந்தேன்.

"பெருமாள் படைச்ச பூவுக்குப் போட்டியா செஞ்சா சும்மா விடுவாரா?" என்று தெருவில் பேசினார்கள். ஒரு கண்ணால் ஆழம் பிடிபடவில்லை என்று சூளையை அவரே இடித்தார். இன்று என் பிள்ளைகளே, "சித்தப்பாவுக்குச் சாமி குத்தம்" என்கிறார்கள்.

படிக்கிறவர்கள் யாரிடமாவது சொல்வதானால் இப்படியே சொல்லுங்கள். பெருமாளின் கோபத்தைச் சேர்க்காதீர்கள். என் மேல் இரக்கப்பட்டு விளக்கை விட்டுவிடவும் வேண்டாம்.