குதிரை சாப்பிடுதில்லையாம்

"உனக்கென்னத்துக்கடி அந்தக் கதை? முதல்ல மூக்கைத் துடை. சாமித்தட்டில குதிரை இருந்தா உனக்கென்ன, கழுதை இருந்தா உனக்கென்ன?"

இப்படித்தான் நேற்றுப் பேத்தியை ஏசினேன். பாரிஸுக்கு வெளியே ஸ்தேனில் என் மாமா வீட்டுக்குப் போய்வந்ததிலிருந்து அவளுக்கு இதே கேள்வி. பிள்ளையாருக்கும் லட்சுமிக்கும் நடுவில், பத்திரிகையில் வெட்டியெடுத்த குதிரைப் படம் ஒன்று சந்தனப் பொட்டோடு ஏன் நிற்கிறது? மாமி ஏன் அதற்கும் சேர்த்துச் சாம்பிராணி காட்டுகிறார்? அவளை ஏசித் துரத்திவிட்டேன். ஆனால் கதை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வந்ததை விழுங்கும் பழக்கம் எனக்கு இல்லை.

எனக்கு அப்போது பத்து வயது. பாரிஸில், நம்மவர் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் ஐந்தாம் மாடி, ஒன்றரை அறை. அம்மா, அப்பா, நான், அம்மாவின் தம்பியான மாமா. மாமா ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவது அவர்தான், பேன் பார்ப்பது அவர்தான், அம்மா அகப்பையோடு வரும்போது நடுவில் நின்று அடி வாங்குவதும் அவர்தான். கறிவேப்பிலை வாங்குவதும் அவர் வேலை. கீழே பாண்டிச்சேரிக்காரரின் கடைக்கு ஒரு நாளைக்கு இரண்டு தரம் போவார். எங்கள் வீட்டில் சோற்றைவிடக் கறிவேப்பிலை கூடுதலாக இருந்த காலம் அது.

அந்த மாமாவைக் கனடாவுக்கு அனுப்பு என்று பெரியமாமா ஒற்றைக் காலில் நின்றார். அவர் அம்மாவுக்கும் மூத்தவர். அங்கே வேலை பார்த்து வைத்துவிட்டார், பெண்ணும் பார்த்து வைத்துவிட்டார். தாலி கட்ட இரண்டு கை மட்டும்தான் பாக்கி. புதன்கிழமை தோறும் தொலைபேசி அடிக்கும். எங்கள் குடும்பத்தில் மூத்தவரிடம் மாட்டேன் என்று சொல்லும் வழக்கம் கிடையாது. நாள் சரியில்லை, சாதகம் சரியில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம். அதைப் பெரியமாமாவும் மறுக்கமாட்டார். சாதகம் பார்க்காமல் சுவரில் ஆணிகூட அடிக்காத மனிதர்.

மாமாவின் சாதக ஓலையோ ஊரில் வீட்டோடு எரிந்துபோயிற்று. ஐப்பசி மழையில் பிறந்தவன் என்பதற்கு மேல் அம்மாவுக்கும் ஒன்றும் நினைவில்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் வந்தவர் என்பதால் அகதிக் கந்தோரில் ஜனவரி முதலாம் திகதி என்று எழுதி அட்டை கொடுத்துவிட்டார்கள்.

கீழே தெரு முனையில் குதிரைப் பந்தயம் கட்டும் கஃபே ஒன்று இருந்தது. அதன் சொந்தக்காரர் அல்ஜீரியாவிலிருந்து வந்த கிழவர். பந்தயக் குதிரைகள் எல்லாவற்றுக்கும் ஜனவரி முதலாம் திகதிதான் பிறந்தநாளாகக் கணக்கு என்று அவர் ஒருநாள் சொல்ல, நான் அதைத் தமிழில் மாமாவுக்குச் சொன்னேன். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது, அதனால் எங்கும் என்னைத்தான் வாயாகக் கூட்டிப்போவார். மாமா ஐந்து மாடியும் ஓடி ஏறினார்.

"அக்கா! எனக்கும் குதிரையளுக்கும் ஒரே நாளாம்!"

"குணமும் ஒண்டுதான். காலைத் துடைச்சிட்டு வா" என்றார் அம்மா.

அந்த இலையுதிர்காலத்தில் பிரான்சில் பழக்கிய குதிரை ஒன்று அமெரிக்காவின் பெரிய பந்தயமொன்றில் ஓடப் போயிற்று. நெற்றியில் திருநீறு பூசியதுபோல் வெள்ளைக் கோடு. மாமா பெரியமாமாவிடம் பணிவாகச் சொன்னார்: "அண்ணை, அதுவும் நானும் ஒரே சாதகம். அது அந்தப் பக்கம் போய் வெல்லுமெண்டா நானும் வாறன். இல்லாட்டி ரெண்டு பேருக்கும் அந்தத் திசை கூடாது."

பெரியமாமா யோசித்துவிட்டுச் சரி என்றார். ஆனால் பந்தயம் சனிக்கிழமை, பயணத்துக்குப் பதில் சொல்லவேண்டியது புதன்கிழமை. அதனால் விஷயம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுச் சொல் என்றார்.

புதன் மத்தியானம் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. மாமா என்னைக் கஃபேக்குக் கூட்டிப்போனார். வழியெல்லாம் விசிலடித்தார். அந்தக் குதிரை தேறாது என்று தெருவே சொல்லிக்கொண்டிருந்தது. நான் மட்டும் அது தோற்கவேண்டும் என்று சாமிகளை வேண்டிக்கொண்டு போனேன்.

கிழவர் பத்திரிகையை விரித்து விரல் மடக்கினார். நம் குதிரைகள் புல்லில் ஓடிப் பழகியவை, அங்கே மண் தரை. முன்னால் ஓடுபவை உதைக்கும் மண் மூஞ்சியில் வந்து விழும். அதைக் கண்டிராத குதிரை திகைத்து நின்றுவிடும். அங்கத்தைக் குதிரைகள் கூண்டுக் கதவு திறந்ததும் கள்ளர் மாதிரிப் பாயும், நம்மவை கடைசித் திருப்பம்வரை தூங்கும். இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லி வந்தார். நானும் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். மாமா தலையாட்டித் தலையாட்டிக் கோப்பி குடித்தார்.

பிறகு கிழவர் கண்ணாடியைக் கழற்றினார். ஆனாலும் இதுதான் வெல்லும் என்றார். மழை நாளொன்றில் இது ஓடியதை அவர் நேரில் பார்த்திருக்கிறார். முகமெல்லாம் சேறு, காது மட்டும் நிமிர்ந்தபடியே இருந்ததாம். அதைவிடப் பெரிய விஷயம், விமானத்தில் போய் இறங்கிய அன்றே தொட்டியில் வைத்ததையெல்லாம் நக்கித் துடைத்துவிட்டதாம். புது ஊரில் முதல் நாளே வயிறாரச் சாப்பிடுவது எதுவோ அது பிழைத்துக்கொள்ளும். மனிதனும் அப்படித்தான் என்று தன் நெஞ்சைத் தட்டிக்காட்டினார்.

மாமாவுக்குக் கோப்பி புரையேறியது. சூடு என்று நினைத்தேன்.

"என்னவாம் பிள்ளை சொல்லுறார்?"

பேன் பார்க்கிற கை எனக்கு நினைவு வந்தது.

"சாப்பிடுதில்லையாம் மாமா."

"ஆர்?"

"குதிரை. அங்கை போனதிலயிருந்து ஒண்டும் வாயில வைக்குதில்லையாம். இரவெல்லாம் அழுகுதாம்."

"குதிரை அழுமோ?"

"இது அழுகுதாம்."

மாமா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னை வெகுநேரம் பார்த்தார். கிழவரையும் பார்த்தார். அதன்பின் எனக்கு ஒரு பெரிய கிளாஸ் கிரனடீன் சர்பத் வாங்கித் தந்தார். வழக்கமாகச் சின்னக் கிளாஸ்தான்.

அன்று பின்னேரம் தொலைபேசி அடித்ததும் அதை என் கையில் தந்தார். "நீயே சொல்லு. சின்னப்பிள்ளை பொய் சொல்லாது." நான் சொன்னேன், அழுகையையும் விடாமல். மறுபக்கம் பெரியமாமா பெருமூச்சு விட்டார்.

"இவனும் அப்பிடித்தான் பிள்ளை. சின்னனிலயே பிறத்தியார் வீட்டில கை நனைக்கமாட்டான். சரி, அங்கையே இருக்கட்டும்."

சனிக்கிழமை குதிரை வென்றது. பயணத்துக்கான கெடு புதனோடு முடிந்துவிட்டதால் பெரியமாமா சொன்ன சொல்லை மாற்றவில்லை. செய்தி வந்த அன்று நான் போர்வைக்குள் புகுந்துகொண்டேன். மாமா பத்திரிகையோடு வந்தார், கத்தரிக்கோல் தேடினார், மாலை போட்ட குதிரையை வெட்டியெடுத்துச் சாமித்தட்டில் வைத்தார். என் போர்வையை விலக்கி, "பாத்தியே பிள்ளை, அந்தக் கிழவருக்குக் குதிரையைப் பற்றி ஒரு கோதாரியும் தெரியாது" என்றார். தப்பினேன் என்று மூச்சு விட்டேன். அதே கிழமை மாமா புதுக் கோட்டு ஒன்று போட்டுக்கொண்டு திரிந்தார். அது எங்கிருந்து வந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த வருடம் பாண்டிச்சேரிக் கடைக்காரரின் மகளை, கல்லாவில் இருந்து கறிவேப்பிலை கட்டிக் கொடுத்தவரை, மாமா கல்யாணம் செய்தார். அந்தக் கல்யாணத்தில்தான் எனக்கு வாய் பிளந்தது. கஃபேக் கிழவரும் வந்திருந்தார். மாமா அவரைக் கட்டிப்பிடித்துப் பிரெஞ்சில் பேசினார் பாருங்கள், திறந்த குழாய் மாதிரி. மாமியின் பாண்டிச்சேரித் தமிழ் மாமாவுக்குப் பிடிபடவில்லை, மாமாவின் யாழ்ப்பாணத் தமிழ் மாமிக்குப் பிடிபடவில்லை. இரண்டு பேரும் தொடக்கத்திலிருந்தே பிரெஞ்சில்தான் காதலித்தார்களாம்.

ஆனால் அது அடுத்த வருடம். மாமா போகவில்லை என்று தெரிந்த மறுநாள் எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. மாடி மாடியாக இறங்கி ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். நாலாம் மாடியில் மன்னார் அக்கா கதவைத் திறந்தார்.

"என்னடி, மாமா கனடா போகேல்லையாம்?"

"நான் இல்லாம அவரால இருக்கேலாதாம் அக்கா. அதுதான் நிண்டிட்டார்."

அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டார். "ஓம் ஓம், உன்னில அவருக்கு அவ்வளவு பட்சம்" என்றவர், உள்ளே போய் ஒரு பெரிய கட்டுக் கறிவேப்பிலையோடு வந்தார். "இந்தா, இதைக் கொண்டுபோய் அம்மாட்டைக் குடு. மாமா எங்களுக்கும் நெடுக வாங்கித் தாறார், வைக்க இடமில்லை."

அந்தக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு இறங்கினேன். கதவைத் தட்டி, திறக்க முன்னமே சொல்லிவிட்டேன்:

"மாமா எனக்காகத்தான் நிண்டவர்!"