பேத்தைக்குச் செய்த முதல் சவரம்

இல்லாத தாடியை வழித்து, அது இருந்தது என்று ஊரை நம்பவைக்கப் பார்த்த ஆள் நான். இவ்வளவு காலமும் இதை நான் வெளியே சொல்லாததற்குக் காரணம் வெட்கம் அல்ல, யாரும் கேட்கவில்லை. இப்போது என் தாடியில் வெள்ளை முடி தலைகாட்டத் தொடங்கிவிட்டது. கறுப்பாக இருந்த காலத்தில் ஒளித்து வைக்கத் தோன்றியவற்றை எல்லாம் நாலு பேருக்குச் சொன்னால் என்ன என்று தோன்றுகிற பருவம் இது.

யோசனை முழுக்க முழுக்க என்னுடையதுதான். வழித்த கன்னத்தைக் காண்கிறவர், ‘இவன் சவரம் செய்திருக்கிறான், ஆகவே இவனுக்குத் தாடி இருந்திருக்கிறது, ஆகவே இவன் ஆம்பிளை’ என்று படிப்படியாக முடிவுக்கு வந்துவிடுவார் என்று நம்பினேன். பள்ளிக்கூடத்தில் கேத்திரகணிதத்தில் எனக்கு எப்போதும் நல்ல புள்ளி. அதன் விளைவு இப்படியும் இருக்கலாம்.

ஆம்பிளையாவதற்கு அவ்வளவு அவசரம் வந்ததற்கு ஒரு லொறி காரணம்.

போர் முடிந்து இரண்டாவது வருடம். புத்தளத்துக்கு வடக்கே, உப்புநீர்க் களப்புக் கரையில், கரைத்தீவில் இருந்தோம். வாப்பா, உம்மா, உம்மாவின் தம்பியான மாமா மூவரும் தொண்ணூறில் மன்னார்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, அங்கிருந்த முஸ்லிம்கள் எல்லோரோடும் சேர்த்து, உடுத்த உடுப்போடு வெளியேற்றப்பட்டவர்கள். நான் இங்கே பிறந்தவன். எனக்கு ஊர் என்றால் கரைத்தீவு. அவர்களுக்கு ஊர் என்றால் அது வேறு. அந்த வேறு ஊர் தினமும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குத் தவறாமல் வந்து பாயில் உட்கார்ந்துகொள்ளும். இங்கே வாங்குகிற மீனுக்கு அந்த ஊர் மீனின் ருசி கிடையாது. இங்கே கிணற்றுத் தண்ணீர் உப்பு, அங்கே சீனி. அந்த ஊரில் வெயில்கூட ஆளைப் பார்த்து மரியாதையாக அடித்ததாக வாப்பா சொல்வார். எங்கள் வீட்டுக் கிணறு, கிணற்றடி மாமரம், முற்றத்து மணல் என்று அவர் வர்ணித்ததைக் கேட்டுக் கேட்டு, கண்ணைக் கட்டி விட்டாலும் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்ற நிலையில் நான் இருந்தேன்.

அந்த வருடம்தான் ஊருக்குப் போய்க் காணியைப் பார்த்து, காட்டை வெட்டித் துப்புரவாக்க எங்கள் ஆட்கள் ஒரு லொறி பேசினார்கள். வாப்பா பள்ளிவாசலிலிருந்து வந்து செய்தியைச் சொன்னார். நானும் வருகிறேன் என்றேன்.

“ஏலாது. தாடி மீசை முளைச்ச ஆம்பிளைகள் மட்டும்தான்.”

“ஏன் வாப்பா?”

“மிதிவெடி கிடக்குதாம்.”

தாடிக்கும் மிதிவெடிக்கும் என்ன தொடர்பு என்று நான் கேட்கவில்லை. வாப்பா ஒரு விஷயத்துக்கு இரண்டு காரணம் சொல்லிவிட்டால் மூன்றாவதாகக் கேட்கிறவனுக்குக் கிடைப்பது காரணமாக இருக்காது. எனக்குப் பதினைந்து வயது. மேலுதட்டில், சாய்வெயிலில் ஒரு பக்கமாகத் திரும்பி நின்றால் மட்டும் தெரிகிற ஏதோ ஒன்று இருந்தது. மிச்சத்தைக் கத்தியால் உண்டாக்க வேண்டியதுதான் என்று தீர்மானித்தேன்.

எங்கள் வீட்டில் கத்தி கிடையாது. வாப்பா நபிவழியில் சுன்னத்தான தாடி வைத்திருந்தவர். மாமாவிடம்தான் இருந்தது. அவர் கட்டாரில் ஒரு ஹோட்டலில் துணி வெளுத்துவிட்டு வந்தவர். வரும்போது மற்றவர்கள் தொலைக்காட்சிப் பெட்டி கொண்டுவர, அவர் நீல வெல்வெட் பெட்டிக்குள் ஒரு சவரக்கத்தி கொண்டுவந்தார். பிடி யானைத்தந்தம் மாதிரி, அலகு கண்ணாடி மாதிரி. அந்த நாட்டுச் சலூன்காரர்கள் இப்படியான கத்தியால்தான் பெரிய பெரிய ஷேக்மாரின் கன்னத்தை வழிப்பார்கள் என்பார். வருகிற விருந்தாளிகளுக்கு அலுமாரியைத் திறந்து காட்டுவார். அவர் மட்டும் கடையில் வாங்குகிற பிளாஸ்டிக் ரேசரால் சவரம் செய்வார். அந்தக் கத்திக்கு அவர் பயம் என்பது உம்மா ஒருத்திக்குத்தான் தெரியும், உம்மா சொல்லி எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நான் போய்க் கேட்டபோது மாமாவுக்கு என்னைவிட உற்சாகம். தனக்கு இல்லாத துணிச்சலை மருமகனின் கன்னத்தில் பார்த்துவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ.

“தாடியை வழிக்கிறது சரியில்லையே மருமகன்,” என்று பேச்சுக்குச் சொன்னார். என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சரி, அது முளைச்சவனுக்குத்தான். உனக்குப் பாவம் வர இன்னும் காலம் கிடக்கு.”

சவரக்கத்தியோடு ஓர் ஆணுக்கு ஏற்படுகிற முதல் அறிமுகம் கன்னத்தில்தான் என்று பிறர் நினைக்கலாம். எங்களுக்கு அது ஆறேழு வயதிலேயே, சுன்னத்துச் செய்ய வருகிற ஒஸ்தா மாமாவின் கையால், வேறோர் இடத்தில் நடந்து முடிந்துவிடும். ஆகவே மாமா வெல்வெட் பெட்டியைத் திறந்ததும் என் இரண்டு கால்களும் தாமாகவே ஒட்டிக்கொண்டன.

பாடம் தொடங்கியது. கத்தியைத் தோலில் தீட்ட வேண்டும் என்றார். வாப்பாவின் பழைய பெல்டை வேலிக் கம்பில் மாட்டித் தீட்டினோம். பெல்ட் இரண்டு துண்டானது. இதைக் கத்தியின் கூர்மைக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டோம். அடுத்தது கைப்பழக்கம். கட்டாரில் சவரம் பழகுகிறவர்கள் பலூனை ஊதி, சவுக்காரம் பூசி, அதன் மேல் வழித்துப் பழகுவார்களாம். பலூன் வெடிக்காமல் வழித்துவிட்டால் மனிதனைக் கொடுப்பார்களாம். கடையிலிருந்து வாங்கி வந்த பலூன்கள் ஒவ்வொன்றாக மாமாவின் முகத்தருகே வெடித்தன.

“பலூனில மயிர் இல்லை, அதுதான் கத்தி வழுக்குது,” என்று மாமா கண்டுபிடித்தார். கொஞ்ச நேரம் களப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். “மயிர் உள்ள பலூன் வேணும்.”

அது களப்பில் தாராளமாக இருந்தது. பேத்தை என்று ஒரு மீன். கையில் எடுத்து வயிற்றைத் தடவினால் கோபத்தில் காற்றை இழுத்துப் பந்து மாதிரி வீங்கிவிடும். வயிறு முழுக்கக் குட்டி முள். இரண்டு நாள் சவரம் செய்யாத கிளாக்கரின் தாடை மாதிரியே இருக்கும். விஷ மீன் என்பதால் யாரும் தின்பதில்லை. வலையில் பட்டால் கரையில் எறிந்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் இரண்டு கையாலும் ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். மாமா அதன் வயிற்றில் நுரை பூசினார். பிறகு அவர் பிடித்துக்கொள்ள நான் வழித்தேன். என் முதல் வாடிக்கையாளர் உருண்டைக் கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ சலூன்களில் அதே பார்வையோடு பிறகு நானும் உட்கார்ந்திருக்கிறேன். பாதி வழிக்கும்போது அவர் மரியாதையற்ற ஒரு சத்தத்தோடு காற்றை விட்டுச் சுருங்கினார். நுரை மாமாவின் கண்ணுக்குள் போனது. முள் ஒன்றுகூட உதிரவில்லை. ஆனால் கீறலும் இல்லை. கழுவித் தண்ணீரில் விட்டோம். வாலை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

“பாஸ்,” என்றார் மாமா, கண்ணைக் கசக்கிக்கொண்டு.

லொறி விடியற்காலை சுபஹுத் தொழுகை முடிந்ததும் புறப்படுவதாக ஏற்பாடு. ஆட்கள் எல்லோரும் பள்ளியில் இருந்த நேரத்தில் நான் கிணற்றடி முருங்கை மரத்தில் கண்ணாடியைத் தொங்கவிட்டு, முகமெல்லாம் நுரையோடு நின்றேன். தொழப் போகாமல் சவரம் செய்ய நின்றதற்குக் கிடைத்த தண்டனைதான் பிறகு நடந்ததெல்லாம் என்பது உம்மாவின் கருத்து. முதலில் நன்றாகத்தான் போனது. வலது கன்னத்தில் நுரை மட்டும் வழிந்து வந்தது. கத்தியில் முடி ஏதும் ஒட்டவில்லை என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இடது பக்கம் தாடைக்கு வந்தபோது, தெருவில் வந்து நின்ற லொறி ஆட்களைக் கூப்பிட ஹோர்ன் அடித்தது.

நுரை சிவந்தது.

உம்மா ஓடி வந்தா. மாமா தொப்பியோடு பள்ளியிலிருந்து ஓடி வந்தார். அவர் அப்போது வாயை மூடிக்கொண்டிருந்திருந்தால் இந்தக் கதை ஒரு துண்டு பிளாஸ்டரோடு முடிந்திருக்கும்.

“பயப்படாத ராத்தா, சின்னக் காயம். பழக்கமில்லாத கை இல்ல. பேத்தையில வச்சு நல்லாப் பழக்கினதுதான்.”

“எதுல வச்சு?”

“பேத்தை... மீன்...”

“அதே கத்தியாலயா?”

மாமா தலையை ஆட்டினார். உம்மா போட்ட சத்தத்தில் லொறியில் ஏறியிருந்த ஆட்கள் எல்லோரும் இறங்கி எங்கள் கிணற்றடிக்கு வந்துவிட்டார்கள். பேத்தை விஷம் ரத்தத்தில் கலந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே எல்லோரும் சொன்னார்கள். தேங்காய்ப்பால் கொடு என்றார் ஒருவர். புளி கரைத்துக் கொடு என்றார் இன்னொருவர். நாக்குத்தான் முதலில் மரக்கும், அவனைப் பேசவிட்டுப் பாருங்கள் என்றார் லொறிக்காரர். ஒரு பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு யாசீன் ஓதத் தொடங்கினார். யாசீனைச் சாகக் கிடக்கிறவர்களுக்காக ஓதுவார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த நிமிடத்தில் என் நாக்கு மரத்தே விட்டது.

“நாக்கு எப்படி?” என்றார் வாப்பா. அன்று காலை அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

மரத்துவிட்டது என்று சொன்னால் பயணம் போச்சு. “நல்லா இருக்கு,” என்றேன்.

வாப்பா தோளில் கிடந்த துவாயை எடுத்து என் தாடையில் அழுத்திக்கொண்டு, “ஏறு,” என்றார். போகிற வழியில்தானே ஆஸ்பத்திரி.

இப்படியாக நான் ஆம்பிளைகளின் லொறியில் ஏறினேன். மரியாதையான இடமும் கிடைத்தது. மண்வெட்டிகளுக்கு நடுவே, வாப்பாவின் மடியில் தலை. நாக்கு வேலை செய்கிறதா என்று பார்க்க என்னை நிறுத்தாமல் பேசச் சொன்னார்கள். வாய்ப்பாடு சொன்னேன், பள்ளிக்கூடத்துக் கதை சொன்னேன். உம்மா கைத்தொலைபேசியில் எடுத்து, “கதைக்கிறானா?” என்று கேட்டபோது, “நிப்பாட்டினாத்தானே,” என்றார் வாப்பா.

ஆஸ்பத்திரியில் இளம் சிங்கள டொக்டர் ஒருவர். மாமா தன் சிங்களத்தில் நடந்ததை விளக்கினார். மீனைத் தின்றானா என்று அவர் கேட்க, இல்லை, மீனுக்குச் சவரம் செய்தான் என்றார் மாமா. டொக்டர் யாரைப் பரிசோதிப்பது என்று தெரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் காயத்தைக் கழுவி, ஊசி போட்டு, சற்று நேரம் வைத்திருந்து பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று அனுப்பினார். அதற்குள் வெயில் ஏறிவிட்டது. என்னைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டுவர யாருக்கும் நேரமில்லை. தாடையில் பெரிய பிளாஸ்டரோடு, பார்க்கிறவர்கள் அதற்கடியில் என்ன தாடியோ என்று எண்ணும்படி, நான் ஊருக்குப் போனேன்.

ஊர் காடாக இருந்தது. பாதையின் ஒரு பக்கத்தில் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள். துப்புரவு செய்த பக்கத்தில் இறங்கியதும் ஆட்கள் ஆளுக்கொரு திசையில் கத்தியும் கையுமாகப் போனார்கள். வாப்பா முன்னால் வேகமாக நடந்தார். “இதுதான் நம்மட கிணத்தடி,” என்று ஓர் இடத்தில் நின்றார். மாமா பக்கத்தில் வந்து, மச்சான், இது பள்ளிவாசல் கிணறு அல்லவா என்றார். வாப்பா இன்னொரு புதருக்குப் போனார். அங்கேயும் கொஞ்ச நேரம் நின்றார். மாமரம் எங்கேயும் இல்லை. நான் பின்னால் போய், “வாப்பா, மாமரம் கிணத்துக்குக் கிழக்கால எண்டுதானே சொல்லுவீங்க?” என்று கேட்டேன். எனக்கு அந்த வீடு மனப்பாடம்.

“நீ போய் லொறியில இரு,” என்றார்.

லொறித் தட்டில் உட்கார்ந்து பார்த்தேன். அவர் பற்றைகளுக்குள் அங்கும் இங்கும் போய் வந்தார். பிறகு வெட்டுக்கத்தியைக் கீழே போட்டுவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்தினார். துவாயால் முகத்தைத் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். என் ரத்தம் பட்ட துவாய் அது. என் மேல் இன்னும் கோபம் தீரவில்லை என்று நினைத்து, அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் பிளாஸ்டரைச் சரிசெய்துகொண்டு, முடிந்த அளவு ஆம்பிளையாக நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அந்தி சாயும் நேரத்தில் கிணற்றின் வாய்க்கட்டு ஒரு பற்றைக்குள் அகப்பட்டது. மாமாதான் கண்டுபிடித்தார், கண்டது மச்சான் என்று எல்லோரிடமும் சொன்னார். வீடு திரும்பியதும் உம்மா ஊர் எப்படி என்று கேட்க, “நல்லா இருக்கு,” என்றார் வாப்பா. நானும் அதையே சொன்னேன்.

அந்தத் துவாயைப் பற்றி எனக்கு விளங்குவதற்கு வருடங்கள் ஆயின. நாலு புத்தகம் படித்து, எதற்கும் ஓர் அர்த்தம் கண்டுபிடிக்கிற வியாதியும் வந்த பிறகு, ஒருநாள் வாப்பாவிடமே போய் என் ஆராய்ச்சி முடிவைச் சொன்னேன். தாடியும் காரணமில்லை, மிதிவெடியும் காரணமில்லை. சொந்த வீட்டு வாசலைத் தேடித் தவிப்பதைப் பிள்ளை பார்த்துவிடக் கூடாது என்றுதான் அன்று என்னை வேண்டாம் என்றீர்கள், இல்லையா என்று கேட்டேன்.

வாப்பா பிளேன்டீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“உனக்கு வாகனத்தில ஏறினா சத்தி வாற. அதான் வேணாம் எண்டன். அண்டைக்கும் என்ட மடியிலதானே வாந்தி எடுத்தாய்.”