செல்வராணி அக்கா வராத வியாழக்கிழமை

செல்வராணி அக்காவோடு வேலை செய்த நீங்கள் இருக்க, நோயாளியைப் பார்க்க அவர் வந்துபோன வீடுகளில் ஒன்றைச் சேர்ந்த நான் எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது.

போன வியாழக்கிழமை தங்கை கவிதாவை நாற்காலியில் உட்காரவைத்துக் காத்திருந்தோம். அக்கா வழக்கமாக வரும் பல்லடம் பஸ் எங்கள் அருள்புரத்தைத் தாண்டிப் போனது, அவர் இறங்கவில்லை. பிறகு அவர் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. காலையில் மாரடைப்பு, அக்கா போய்விட்டார். "அக்கா வர்றாங்களா?" என்று கவிதா கேட்டாள். "பஸ் லேட்டாம்" என்றேன்.

கவிதாவுக்குப் பதினாறு வயது. தசைகள் மெல்ல வலுவிழக்கும் அரிய நோய். அவள் சரிந்துவிடாமலிருக்க, அம்மா பனியன் கம்பெனிக்குப் போகுமுன், அங்கே வெட்டி மிஞ்சிய வேஸ்ட் துணியால் நாற்காலியோடு கட்டிவிட்டுப் போவார். எங்கள் வீட்டில் எதைக் கட்டவும் அந்தத் துணிதான். முதல் நாளே அக்கா அதை ஒரு விரலால் இழுத்துப் பார்த்தார்.

"எம்மா, இது இழுக்க இழுக்க நீளும்லா? பிள்ளை சரிஞ்சு, கட்டு கழுத்துக்கு ஏறிட்டுன்னா?"

அம்மா முடிச்சை அவிழ்க்கப் போனார். கவிதாதான் பேசினாள்: "நானே கழிச்சுப் போட்ட செகண்ட்ஸ் பீஸுங்க்கா. வேஸ்ட் துணி போதுமுங்க."

"செகண்ட்ஸா? ஏட்டி, இந்த வாய் எக்ஸ்போர்ட் சரக்குல்லா!"

அடுத்த வாரம் அக்கா நீளாத பட்டை ஒன்றைக் கொண்டுவந்து அவரே பூட்டினார்.

கவிதாவால் பலமாக இரும முடியாது. சளி கட்டினால், அவள் இருமும் அதே நொடியில் விலாவுக்குக் கீழே இரு கைகளாலும் மேல்நோக்கி அழுத்த வேண்டும். அக்கா எனக்குச் செய்துகாட்டினார். நான் கை வைத்ததும் கவிதா முகம் சுளித்தாள், கையை எடுத்துவிட்டேன்.

"பயந்த கை தடவத்தான் செய்யும், சளி வராது. தினமும் பழகு" என்றார்.

வாராவாரம் "பழகுனியாட்டி?" என்று கேட்பார். தலையாட்டுவேன். கவிதா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஒரு நாளும் நான் பழகவில்லை. வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். எனக்கு எல்லாம் தெரியும் என்று அம்மா நம்புகிறார்.

ஞாயிறு முதல் கவிதாவுக்குச் சளி. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, "இருமச் செய்யும் முறை தெரியும்தானே?" என்று கேட்டார்கள். அங்கேயும் தலையாட்டினேன். நேற்று அழுத்தினேன். கொஞ்சம் வந்தது. மிச்சம் உள்ளே கரகரக்கிறது. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது கண்ணால் பார்த்த அந்த ஒரு வேலைதான்.

இதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். உங்களில் அந்த வேலை தெரிந்த ஒருவர் நாளைக்கே வீட்டுக்கு வாருங்கள். என் கைமேல் உங்கள் கையை வைத்து, எவ்வளவு அழுத்த வேண்டும் என்று ஒருமுறை காட்டிவிட்டுப் போங்கள்.