அன்ரனின் காதில் தொங்கிய வயர்

1. ஈரப்படி

அன்ரனைப் படிக்கட்டு கழுவும் வேலைக்கு எடுத்தபோது, தேவாலயத்தில் பூசை முடிந்து வந்த எங்கள் ஊர்க்காரர் எனக்குச் சொன்ன புத்திமதிக்கு அளவில்லை. அவனுக்கு மனச்சிதைவு நோய். குரல்கள் கேட்கும். மாத ஊசி தவறாமல் போடுகிறான், நகரத்து விளிம்பில் இருக்கிற பிரான்காச்சோவிலிருந்து தனியாக பஸ் ஏறி வருகிறான். "உந்த விசரனை ஏன் பிடிச்சனீர்?" என்று கேட்டவர்களில் ஒருவர்கூட அவனுக்கு ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்ததில்லை.

முதல் நாள் கீழ்ப்படியில் தொடங்கி மேலே ஏறினான். இறங்கி வரும்போது ஈரமெல்லாம் சப்பாத்து அடையாளம். அது நோய் இல்லை. புதிதாக வருகிற எல்லோரும் விடுகிற பிழை. ஏசினேன். மறுநாள் மேலேயிருந்து தொடங்கினான்.

2. வயர்

நகரத்தின் நடுவே, பொலிதேயாமாவில் நாங்கள் கழுவுகிற பெரிய கட்டடத்தின் இத்தாலிய வாசல்காவலர் ஒருநாள் என்னை மறித்தார்.

"உவன் தனியக் கதைக்கிறான். சனம் பயப்பிடுது. வேறை ஆளைக் கொண்டுவா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் மொப் பிடித்தபடி யாழ்ப்பாணத்துத் தங்கச்சியோடு போனில் நாள் முழுக்கக் கதைப்பவள். சண்டையும் பிடிப்பேன். ஒருவரும் பயந்ததில்லை, காதில் வயர் இருந்தபடியால். அந்த வயரைக் கழற்றி அன்ரனிடம் கொடுத்தேன்.

"போனிலை குத்த வேண்டாமோ, அக்கா?"

"நுனியைப் பொக்கற்றுக்குள்ளை விடு. ஆர் பாக்கப்போகினம்?"

பிறகு முறைப்பாடு இல்லை. ஊரில் சொந்தக்காரர் கனபேரோ என்று வாசல்காவலரே அவனிடம் விசாரித்தாராம்.

"ஓம், ஒருத்தரும் விடுறாங்கள் இல்லை" என்றிருக்கிறான்.

3. மூன்றாம் மாடி

மூன்றாம் மாடி வீட்டு அம்மா, எங்களுக்குச் சின்யோரா, வயதானவர், கண் கூர்மை. பொக்கற்றிலிருந்து வழுகிய நுனி வெறுமனே ஆடுவதைக் கண்டுவிட்டார். என்னைக் கூப்பிட்டு, இவன் யாரோடு கதைக்கிறான் என்று கேட்டார். அன்ரன் வாளியை வைத்துவிட்டு, திருப்பிக் கொடுக்கிற மாதிரிக் வாசல்கதவு திறக்கிற கட்டடத் திறப்பைக் கையில் எடுத்தான். இந்த வேலை போனால் இன்னொன்று கிடைக்காது என்று அவனுக்குத் தெரியும். நான் அவனைப் பார்த்தேன்.

"சொல்லுங்கோ, அக்கா" என்றான்.

"அவனுக்கு வருத்தம், சின்யோரா. குரல் கேக்கும். மருந்து எடுக்கிறான். உங்கடை படி துப்பரவோ இல்லையோ, அதைச் சொல்லுங்கோ."

அவர் படியைப் பார்த்தார். மூலையையும் குனிந்து பார்த்தார்.

"துப்பரவுதான். ஆனா மத்தியானம் நான் படுக்கிற நேரம். சத்தத்தைக் குறைக்கச் சொல்லு."

கதவைச் சாத்திக்கொண்டார். அன்ரன் திறப்பைத் திரும்பப் பொக்கற்றில் போட்டான்.

அடுத்த கிழமை மத்தியானம் போனேன். காதில் வயர் இல்லை. மூன்றாம் மாடியில் மொப்பைப் பிழிந்துகொண்டே, என் கண்ணுக்குத் தெரியாத யாருக்கோ மெதுவாகச் சொன்னான்:

"இப்ப வேண்டாம். சின்யோரா படுத்திட்டா. பிறகு கதைப்பம்."

ஆள் வைத்து வேலை வாங்கப்போகும் இளசுகளுக்குச் சொல்கிறேன். முறைப்பாடு வந்தால் முதலில் போய்ப் படியைப் பாருங்கள். படி துப்பரவென்றால், மிச்சம் சத்தத்தைக் குறைக்கிற விஷயம்தான்.