மூடிய கண்

நாளை ஓவியக் கல்லூரி நுழைவுத் தேர்வு. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகப்போகும் முதல் ஆள் நான். செல்போனில், ஓவியப் பயிற்சி ஆப்பில் அரை நிமிடத்துக்கு ஒருவராக வரும் ஆட்களின் படங்களைப் பார்த்து வரைந்து பழகுகிறேன். அடுத்து வந்தவர் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். கை நின்றுவிட்டது.

ஏழு வயதில், ஊர் ஊராகப் போய் போர்வெல் போடும் ரிக் வண்டி வேலையிலிருந்து வந்து கல்மாவு வாசத்தோடு தூங்கிய அப்பாவை அப்படித்தான் வரைந்தேன். அம்மா பதறிவிட்டாள். "ஏஞ் சாமி, ரிக்குக்குப் போற மனுசனக் கண்ண மூடிக் கெடத்தி வெச்சா வரையறது?"

அப்பா எழுந்து பார்த்துச் சிரித்தார். "கண்ணத் தொறந்து உட்டுரு சாமி, செரியாப் போயிரும்." திறந்துவிட்டேன். ஆனாலும் அவர் மறுபடி ரிக்குக்குப் போய் அங்கிருந்து போன் செய்யும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்பா இன்னும் ரிக்கில்தான் இருக்கிறார். நேரம் முடிவதற்குள் செல்போனில் தூங்குபவரை வரைந்து முடித்தேன். பார்த்தால், என் படத்தில் கண் திறந்திருக்கிறது. தேர்வில் பார்த்தபடி வரைய வேண்டும். நாளை தூங்குகிற ஆள் வந்துவிடக் கூடாது.