செல் இல்லாத ரேடியோ

அப்பாவுக்கு மறதி முற்றிய பிறகு, ரேடியோ, ரிமோட், டார்ச் என்று கையில் எது கிடைத்தாலும் பின்மூடியைத் திறந்து செல்லை எடுத்துவிடுவார். பாளையங்கோட்டை வீட்டில் நாங்கள் இருவர்தான். பகலில் நான் பேட்டையில் இன்வெர்ட்டர் பழுதுபார்க்கும் பட்டறைக்குப் போய்விடுவேன். பக்கத்து வீட்டு அக்கா அவரைப் பார்த்துக்கொள்வாள்.

ஒரு மத்தியானம் அவளிடமிருந்து போன். “ஏட்டி, உங்கப்பா ரேடியோ செல்லை வாயில போட்டுட்டு துப்ப மாட்டேங்காவ. வேகமா வா.”

நான் போய்ச் சேர்வதற்குள் எப்படியோ துப்ப வைத்திருந்தாள். கசிந்துபோன பழைய செல். உதட்டோரம் வெந்து வெளுத்திருந்தது. டாக்டர் மருந்து எழுதிவிட்டு, “வீட்ல செல்லே இருக்கப்பிடாதும்மா” என்றார். தலையாட்டினேன். பயமோ அழுகையோ வரவில்லை.

மறுநாள் பட்டறையில் இரண்டு சூப்பர் கெப்பாசிட்டர்களை எடுத்துக்கொண்டேன். பெருவிரல் பருமன்தான் இருக்கும். மின்சாரத்தைச் சட்டென்று உள்வாங்கி வைத்துக்கொள்ளும். அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை. அவற்றை ரேடியோவுக்குள் வைத்துப் பற்றவைத்து, மின்னழுத்தம் ஏறி இறங்காமலிருக்க நடுவே ஒரு சிறு போர்டும் சேர்த்தேன். போன் சார்ஜர் செருக ஓர் ஓட்டை. பின்மூடியைப் பசை போட்டு ஒட்டினேன். ஐந்து நிமிடம் சார்ஜ் ஏற்றினால் முக்கால் மணி நேரம் பாடியது.

அப்பா அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“செல் எங்கன?”

“செல்லே கிடையாதுப்பா.”

“அப்பம் எப்படிப் பாடுது?”

சொன்னேன். கேட்டுவிட்டு மறுபடியும் மூடி இருந்த இடத்தை நகத்தால் நெம்பினார். நாலு நாள் அப்படியே நெம்பிக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் ரேடியோவைக் கீழே வைத்துவிட்டார். அப்புறம் தொடவேயில்லை. அதற்குள் ரிமோட்டையும் டார்ச்சையும் இதேபோல மாற்றியிருந்தேன்.

“இப்பம் ஒரு தொந்தரவும் இல்லட்டி. உக்கார வச்ச இடத்துலயே இருக்காவ” என்றாள் அக்கா.

மூடியைத் திறந்து செல்லை எடுப்பதுதான் நாள் முழுக்க அவருக்கு இருந்த ஒரே வேலை என்று அப்போதுதான் உறைத்தது. மூடியைப் பெயர்த்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் உள்ளே கம்பிகள் இருந்தன. விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிரில் உட்கார்ந்து, “ரேடியோ போடவாப்பா?” என்று கேட்டேன்.

வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “ஒங்களுக்கு வேணும்னா போட்டுக்கிடுங்கம்மா.”

போட்டேன். நெல்லுக்கு உரம் போடுவதைப் பற்றி யாரோ பேசிக்கொண்டிருந்தார். சார்ஜ் தீர்ந்து சத்தம் தேய்ந்து நிற்கும்வரை இருந்துவிட்டு, உலை வைக்க எழுந்து போனேன்.