கை நனைக்காத பயணம்

என் அப்பாவுக்குப் பயணம் போகத் தெரியாது. எங்கே போனாலும் திரும்பி வரும் பஸ்ஸைப் பற்றித்தான் நினைப்பு. கல்யாண வீட்டில் தாலி ஏறும்போதே செருப்பைத் தேடுவார். சாவு வீட்டிலும் அப்படித்தான். போனோம், முகத்தைக் காட்டினோம், வந்தோம். அதற்குக் கடமை என்று பெயர் வைத்திருந்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றோ நாலோ இருக்கும். எனக்கு எட்டு வயது. எங்கள் ஊர் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம். அக்காவை அரூர் தாண்டி, தீர்த்தமலைக்குப் போகிற வழியில் ஒரு ஊரில் கொடுத்திருந்தோம். கல்யாணமாகி மூன்று வருடம் ஆகியும் பிள்ளை இல்லை. தீர்த்தமலையில் தலையை நனைத்து, அவளுக்காக வேண்டிக்கொண்டு வருவதென்று அப்பா முடிவு செய்தார். கறவை மாட்டை விட்டு அம்மாவால் நகர முடியாது. என்னைத் துணைக்கு அனுப்பினாள். அப்பாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"போற வழிதானுங்க. பெரியவளையும் மலைக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டு, அப்படியே நாலு நாளைக்கு வூட்டுக்கு அழைச்சிக்கிட்டு வாங்க."

அப்பாவும் சரி என்றார். சந்தைக்கு வந்த ஆளிடம் சொல்லி அக்காவுக்குத் தகவலும் போய்விட்டது.

நாங்கள் போய் இறங்கியபோது அக்கா நெல்லுச்சோறு ஆக்கி வைத்திருந்தாள். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் அன்றாடம் களிதான். நெல்லுச்சோறு என்றால் விருந்து என்று அர்த்தம்.

எங்கள் சனத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணுக்கு முதல் பிள்ளை பிறக்கிறவரை பெற்றவர்கள் சம்பந்தி வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். தண்ணீர் குடிக்கலாம், வெற்றிலை போடலாம், சோறு மட்டும் கூடாது. சிறுபிள்ளைகளுக்கு இந்தத் தடை கிடையாது. மற்றவர்கள் இதை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொள்வார்கள். என் அப்பா வளைய மாட்டார்.

அக்காவின் மாமியார் நல்லவள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு அவள் பேசியதில் தப்பில்லை. "கை கழுவுங்க சம்பந்தி. சோறு தின்னுட்டு மத்ததப் பேசலாம்" என்றாள்.

"இருக்கட்டுங்க. பேரப்புள்ள பொறக்கட்டும், எல போட்டு வயிறாறத் திங்கறேன்."

அக்கா சோற்றுக் குண்டானைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றிருந்தாள். அவளை வைத்துக்கொண்டே இதைச் சொன்னார்.

"அதுவரைக்கும் எங்க வூட்டுச் சோறு உங்களுக்கு எறங்காதுங்களா?"

"வழக்கம்னு ஒண்ணு இருக்குதுங்கல்ல."

"அது உங்க வழக்கம். எங்க வூட்ல விருந்தாளி பட்டினியா ஒக்காந்திருக்கற பேச்சே இல்லீங்க. சாப்புட்டுட்டுக் கேளுங்க, மருமவள அனுப்பறேன். இல்லீன்னா மலைக்கு நீங்களே போயிட்டு வாங்க."

அக்கா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். "ஒரு வாய் மோர்ச்சோறாச்சும் தின்னச் சொல்லு புள்ள. நாஞ் சொன்னேன்னு சொல்லு" என்றாள். போய் அப்படியே சொன்னேன். "உனக்கென்ன தெரியும்? தின்னுட்டு எந்திரி, பஸ்ஸு வந்துரும்" என்றார் அப்பா. நான் தின்றேன். கத்திரிக்காய்க் குழம்பு, பாயசம் எல்லாம் இருந்தது. மறுபடியும் பாயசம் ஊற்றும்போது அக்கா என் தட்டைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டு வழிந்து தரையில் ஓடியது.

இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. அவர் சாப்பிட வேண்டியிருந்தது ஒரு கவளம். அது கௌரவத்துக்குக் குறைச்சலாம். யாருக்காக வேண்டப் போனாரோ அவளை அங்கேயே விட்டுவிட்டு வேண்டப் போனார். கடைசி வரை அக்காவுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அப்பாவும் சாகும்வரை அந்த வீட்டில் கை நனைக்கவில்லை. மாமியார் அதன் பிறகு நல்லது கெட்டதுக்கு மட்டும்தான் அக்காவை அனுப்பினாள், அதுவும் அன்றைக்கே திரும்பிவிட வேண்டும் என்று சொல்லி. அம்மா கேட்ட நாலு நாள் அம்மாவுக்குக் கிடைக்கவே இல்லை.

தீர்த்தமலையில் உயரத்துப் பாறையிலிருந்து தண்ணீர் விழுகிறது. அப்பா அதன் கீழே போய்க் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அக்கா பேரை வாய்விட்டுச் சொல்லி வேண்டினார். "பெரியவரே, கொஞ்சம் நகருங்க, நாங்களும் தலையக் காட்டணும்" என்று பின்னால் இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். அவர் அசையவில்லை. எந்த இடத்திலும் அவர் அவ்வளவு நேரம் நின்று நான் பார்த்ததில்லை. மகள் வீட்டில் அதில் பாதி நேரம் உட்கார்ந்திருக்கலாம்.

எனக்கு அங்கே எதிலும் மனசு போகவில்லை. பஸ் ஏறிய இடத்திலேயே என் நினைப்பு நின்றுவிட்டது. அக்கா எங்களோடு ரோட்டு வரைக்கும் வந்திருந்தாள். தலைக்கு ஊற்றிய ஈரம் காயாமல் முடியை நுனியில் முடிந்திருந்தாள். கையில் ஒரு மஞ்சள் பை. பை நிறைந்து, அதன் வாயில் நீலச் சேலையின் ஓரம் தெரிந்தது. எங்களுக்குத்தான் முறுக்கோ அதிரசமோ சேலைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். பஸ் வந்தது, ஏறினோம், அவள் பையைக் கொடுக்கவில்லை. "அக்கா, பையி" என்று ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினேன். அவள் அதை இடுப்போடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

பலகாரத்தைக் கொடுக்க மறந்துவிட்டாளே என்று, மலை ஏறும்போதும் இறங்கும்போதும் நான் அக்கா மேல் கோபமாகவே இருந்தேன்.